பிரெஸ்பா ஏரிக்கரையில் இருக்கும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய கூழைக்கடாப் படங்கள் வந்தன. நம் கூந்தன்குளத்துக்கு வருவதைவிடப் பெரிதாக, பிடரியில் சுருட்டை முடியோடு, தூங்கி எழுந்த தலைமையாசிரியரைப் போல இருக்கிறது. அம்மா படத்தைப் பார்த்துவிட்டு, பறவை இருக்கட்டும், பிள்ளை ஏன் இப்படி இளைத்திருக்கிறாள் என்கிறாள்.

போனில் நீ கேட்டது இரண்டு நாளாக மனத்தில் ஓடுகிறது. ஏரியின் கிரேக்கக் கரையிலுள்ள பிசராதெஸ் ஊரில் மீன் விற்கும் பாட்டி உன்னிடம் கிரேக்கம் பேசினார். திரும்பி, குரலைத் தாழ்த்தி, கணவரிடம் வேறு ஏதோ மொழியில் பேசினார். "அவர் யார் அப்பா?" என்றாய். முப்பது வருடம் புவியியல் நடத்தியவன் நான். நாட்டுக்கு ஒரு வண்ணப் பென்சில் என்று பால்கனை ஒரே பாடவேளையில் முடித்தவன். உன் கேள்விக்கு அந்தப் பென்சில் உதவாது.

1912 வரை அந்த ஏரிப் பகுதி முழுக்க ஒட்டோமான் துருக்கிப் பேரரசின் மண். பால்கன் போர்கள் முடிந்தபின் ஏரியைப் பங்கு போட்டார்கள். இன்று கிரேக்கம், அல்பேனியா, வடக்கு மாசிடோனியா மூன்றும் சந்திக்கும் புள்ளி தண்ணீருக்குள் இருக்கிறது. அந்த மீன்காரப் பாட்டியின் ஊருக்கு முன்பு நிவிட்சி என்று பெயர். 1920களில் கிரேக்க அரசு ஸ்லாவியப் பெயர்களை மாற்றியபோது இதுவும் போனது. 1936-இல் கிரேக்கத்தில் மெடாக்சாஸின் சர்வாதிகாரம் வந்தது; வீட்டில் பேசும் ஸ்லாவிய மொழியை வெளியில் பேசினால் தண்டனை. தாழ்ந்த குரல் அங்கிருந்து வந்திருக்கலாம். பிறகு கிரேக்க உள்நாட்டுப் போர். 1949-இல் தோற்ற கம்யூனிஸ்ட் தரப்போடு எல்லை கடந்த குடும்பங்களில் பல திரும்பவே இல்லை. காலியான வீடுகளில் விலாக்குகள் குடியேறினார்கள்; லத்தீன் வழி வந்த மொழி பேசும் மக்கள் அவர்கள். நீ புகழ்ந்த அந்த வெள்ளை பீன்ஸ் அவர்கள் வயலில் விளைந்ததாகவும் இருக்கலாம்.

எதிர்க்கரையில் கதை வேறு. அல்பேனியாவின் பூஸ்டெட்ஸில் பெரும்பாலும் மாசிடோனியர்கள். வடக்கே, ஆப்பிளுக்குப் பேர்போன ரெசெனில் மாசிடோனியர், துருக்கியர், அல்பேனியர் மூவரும் உண்டு. 1908-இல் சுல்தானுக்கு எதிராக இளந்துருக்கியர் புரட்சியைத் தொடங்கிவைத்த நியாசி பே அந்த ஊர்க்காரர். அல்பேனியர், ஆனால் ஒட்டோமான் படை அதிகாரி. அவருக்கு எந்தப் பென்சில்?

ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை, வாத்தியார் புத்தி. அந்த ஏரிக்கு வெளியே ஓடும் ஆறு கிடையாது. தண்ணீர் கலிச்சிட்சா மலையின் சுண்ணாம்புப் பாறைக்குள் கசிந்து, சுமார் 150 மீட்டர் தாழ்ந்த ஒஹ்ரிட் ஏரிக்கரையில், புனித நவூம் மடத்தருகே ஊற்றாகக் கிளம்புகிறது. விடுமுறை கிடைத்தால் போய்க் காலை நனைத்துவிட்டு வா.

பாட்டியின் மொழிக்கு வருகிறேன். 2018 ஜூன் 17 அன்று அவருடைய பிசராதெஸில்தான் கிரேக்கமும் வடக்கே உள்ள அண்டை நாடும் பெயர்ச் சண்டையைத் தீர்க்க ஒப்பந்தம் போட்டன. மறு ஆண்டு, அதுவரை மாசிடோனியா என்று தன்னை அழைத்துக்கொண்ட அந்த நாடு "வடக்கு மாசிடோனியா" ஆனது. எதிர்க்கரை மொழியை "மாசிடோனியம்" என்று அந்தத் தாள் ஒப்புக்கொள்கிறது. இக்கரையில் அதை "உள்ளூர்ப் பேச்சு" என்று மட்டும் சொல்லி நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். கிரேக்கக் கணக்கெடுப்பும் இனம் கேட்பதில்லை. நீயும் கேட்காதே, அம்மாடி. அந்தக் கேள்வியோடு அவர்கள் வாசலுக்கு ஏற்கெனவே நிறையப் பேர் வந்துபோயிருக்கிறார்கள்.

அவரிடம் வாங்கிய கருவாட்டை எத்தனை நாள் உப்பில் ஊறவைக்கிறார் என்று மட்டும் கேட்டு எழுது. அம்மாவுக்குத் தெரிய வேண்டுமாம்.

அன்புடன்,
அப்பா