அம்மாவின் ஐந்து பட்டன்கள்

முத்தியால்பேட்டை,
புதுச்சேரி.
18.01.2026, ஞாயிறு

அன்புள்ள தோழிக்கு,

நேற்று காணும் பொங்கல் அன்று கடலூர் முதுநகர் போய் உன் அம்மாவைப் பார்த்துவிட்டு வந்தேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் மற்றது எதுவும் உன் மனதில் ஏறாது. அம்மா நன்றாக இருக்கிறார். பேச்சு தெளிவாகிவிட்டது. வலது கைதான் இன்னும் முழுதாகத் தூக்க வரவில்லை. விரல்கள் மடங்குகின்றன, ஆனால் ஒன்றைப் பிடித்தால் விடுவதற்கு நேரமாகிறது. கரும்பைச் சின்னச் சின்னதாக நறுக்கிக் கொடுத்தேன். "பல்லு இருக்கிற வரைக்கும் கடிச்சிடணும்மா" என்று இடது கையால் எடுத்து மென்றார். நீ மெலிந்துவிட்டாயா என்று மூன்று முறை கேட்டார்.

போகும்போது பஸ்ஸில் நிற்கக்கூட இடமில்லை. பாதிப் பேர் சில்வர் பீச்சுக்கு. தென்பெண்ணைப் பாலம் தாண்டும்போது நீயும் நானும் பாலிடெக்னிக்கிலிருந்து சனிக்கிழமைகளில் இதே வழியில் உன் வீட்டுக்குப் போவோமே, அந்த நினைவு வந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மவுஸைப் பிடிக்க முடியாமல் அம்மா கம்ப்யூட்டரையே தொடுவதில்லை, நான் செய்து விற்கும் கம்ப்யூட்டர் ரிமோட் உதவுமா என்று போன மாதம் எழுதியிருந்தாய். உதவும் என்று யோசிக்காமல் சொல்லிவிட்டேன். அரை மணி நேர வேலை என்று நினைத்துப் போனேன். பகல் ஒரு மணிக்கு உட்கார்ந்தவள் எழுந்தபோது ஆறு. ஆனால் ஒரு நிமிடமும் வீணாகவில்லை.

டிவிக்குப் பின்னால் உன் தம்பி மாட்டிவைத்திருக்கும் குட்டிக் கம்ப்யூட்டரில், ரிமோட் அனுப்புவதை வாங்கிக்கொள்ளும் என் ரிசீவரைச் செருகினேன். நான் விற்கிற ரிமோட்டில் 21 பட்டன்கள். அம்மாவுக்கு எதற்கு அத்தனை? வீட்டிலேயே மேலே ஒரு அக்ரிலிக் தகடு வைத்து மூடி, ஐந்து பட்டன்களுக்கு மட்டும் ஓட்டை விட்டிருந்தேன். அந்த ஐந்தின் மேலும் கோட்டுப் பொத்தான்களை ஒட்டினேன், ஒவ்வொன்றும் ஒரு அளவு. கண்ணால் பார்க்காமல் தடவியே கண்டுபிடித்துவிடலாம். பாட்டு ஓட, நிறுத்த ஒன்று. அடுத்த பாட்டுக்கு ஒன்று. சத்தம் கூட்ட, குறைக்க இரண்டு. ஐந்தாவது சிவப்பு, அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

மூன்று மணி வரைக்கும் எல்லாம் ஒழுங்காக வேலை செய்தது. ஓதுவார் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. நாலரைக்கு அம்மா பட்டனை அழுத்துகிறார், ஒன்றும் நடக்கவில்லை. செல்போனின் முன்பக்கக் கேமராவை ரிமோட்டின் மூக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். கண்ணுக்குத் தெரியாத ரிமோட் ஒளி கேமராவில் ஊதா கலந்த வெள்ளையாக மினுக்கியது. ஆக ரிமோட் நன்றாகத்தான் இருக்கிறது. அப்புறம்தான் தரையைப் பார்த்தேன். மேற்கு ஜன்னல் வழியாக வந்த வெயில் ஹாலைத் தாண்டி நேராக டிவி அலமாரி மேல், என் ரிசீவர் மேல் விழுந்துகொண்டிருந்தது.

ரிமோட்டிலிருந்து வருவது 940 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளி, செகண்டுக்கு 38,000 தடவை துடிக்கும். ரிசீவர் அந்தத் துடிப்புக்கு மட்டும் காது கொடுக்கும்படி செய்யப்பட்டது. வெயில் துடிப்பதில்லைதான், ஆனால் அதில் அகச்சிவப்பு அவ்வளவு கொட்டிக் கிடப்பதால் சென்சார் திக்குமுக்காடி, ரிமோட்டின் மெல்லிய துடிப்பு உள்ளே போவதே இல்லை. ஜன்னலைச் சாத்திவிட்டால் தீர்ந்தது. ஆனால் அம்மாவுக்குத் தெரு தெரிவது அந்த ஜன்னல் வழியாகத்தான். அதைச் சாத்தச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ரிசீவரை ஒரு நீள ஒயரில் இழுத்து அலமாரியின் கீழ்த்தட்டுக்குக் கொண்டுபோய், மேலே கறுப்பு அட்டையில் ஒரு சின்னக் கூரை செய்து ஒட்டினேன். இப்போது எந்த நேரமும் வேலை செய்கிறது. அலமாரிக்கு முன்னால் எதையும் வைக்க வேண்டாம் என்று உன் தம்பியிடம் சொல்லிவை.

அடுத்த சிக்கல் அம்மாவின் விரலில். நான் சொன்னேனே, பிடித்தால் விட நேரமாகிறது என்று. பட்டனை ஒரு செகண்ட் முழுக்க அழுத்திக்கொண்டே இருக்கிறார். பட்டன் அழுந்தியிருக்கும் வரை இந்த வகை ரிமோட் 108 மில்லி செகண்டுக்கு ஒரு முறை "இன்னும் அழுத்தியிருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டே இருக்கும். ஒரு செகண்டில் ஏறக்குறைய ஒன்பது முறை. என் ரிசீவர் அதை ஒன்பது தட்டாக எடுத்துக்கொண்டு பாட்டை நிறுத்தி, ஓடவிட்டு, நிறுத்தி, ஓடவிட்டு... அம்மா பயந்துபோய் "நான் எதையோ கெடுத்துட்டேனாம்மா?" என்றார். அந்தக் கேள்வி என்னை ரொம்பக் கஷ்டப்படுத்தியது. கெடுத்தது நான்தான் அம்மா என்று சொல்லிவிட்டு, கொண்டுபோயிருந்த லேப்டாப்பில் அங்கேயே புரோகிராமை மாற்றி எழுதினேன். சத்தத்துக்கு மட்டும் தொடர் அழுத்தம் எடுபடும். மற்ற மூன்றுக்கும் எவ்வளவு நேரம் அழுத்தினாலும் ஒரே தட்டுதான். இத்தனை வருஷம் விற்றிருக்கிறேன், விரல் மெதுவாக விடும் ஒருவர் வாங்கியிருந்தால் என்ன செய்திருப்பார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இனி வெளியே போகும் எல்லா ரிசீவரிலும் இதுவும் இருக்கும்.

நம் கடைசி வருஷ பிராஜெக்ட் நினைவிருக்கிறதா? சென்னை ரிச்சி தெருவில் வாங்கி வந்த டிஎஸ்ஓபி 1738 அகச்சிவப்பு சென்சார், மின்னழுத்தத்தைச் சீராக்க ஒரு 7805, டயோடு, கெப்பாசிட்டர். சீரியல் போர்ட்டில் மாட்டி லேபின் கடைசி பெஞ்சிலிருந்து கம்ப்யூட்டரில் வின்ஆம்ப் என்ற பாட்டு சாஃப்ட்வேரில் பாட்டை மாற்றினோம். நீ பழைய டிவி ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு கத்திய கத்தலில் மேடம் ஓடி வந்தார். அந்த மூன்று கால் சென்சாரின் தம்பிதான் இன்றைக்கும் என் ரிசீவருக்குள் உட்கார்ந்திருக்கிறது. சீரியல் போர்ட் போய் யுஎஸ்பி வந்துவிட்டது, அவ்வளவுதான். செருகினால் கம்ப்யூட்டர் அதை ஒரு கீபோர்டு என்று நினைத்துக்கொள்ளும். தனியாக எந்த சாஃப்ட்வேரும் வேண்டாம்.

கீபோர்டு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். முதல் வருஷம் பிரான்சிலிருந்து ஒரு பெரியவர் எழுதினார், சத்தத்தை அடக்கும் பட்டன் வேலை செய்யவில்லை என்று. கடிதம் முழுக்கப் பிரெஞ்சு. எங்கள் தெருக்கோடியில் ஒரு சொல்தா தாத்தா இருக்கிறார், பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வாங்குகிறவர். அவரிடம் கொண்டுபோய்ப் படிக்கச் சொன்னேன். "பட்டனை அழுத்தினால் காற்புள்ளி விழுகிறது என்று எழுதியிருக்கிறார்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. தாத்தாதான் தன் பேரன் அங்கிருந்து கொண்டுவந்த லேப்டாப்பைத் திறந்து காட்டினார். பிரெஞ்சுக் கீபோர்டில் நம் 'எம்' இருக்கும் இடத்தில் காற்புள்ளி இருக்கிறது. 'எம்' எல்லுக்குப் பக்கத்தில் போய்விட்டது. 'ஏ'வும் 'கியூ'வும் இடம் மாறியிருக்கின்றன. யுஎஸ்பி கீபோர்டு எழுத்தைச் சொல்வதில்லை, எந்த இடத்துக் கட்டை அழுந்தியது என்பதை மட்டும்தான் சொல்கிறது. சத்தத்தை அடக்க நான் 'எம்' அனுப்புவதாக நினைத்து அனுப்பியது அங்கே காற்புள்ளியாகப் போயிருக்கிறது.

சத்தம், நிறுத்தல், ஓட்டல் இதற்கெல்லாம் எழுத்தோடு சம்பந்தமே இல்லாத தனிக் குறிகள் யுஎஸ்பியில் உண்டு. எந்த நாட்டுக் கீபோர்டாக இருந்தாலும் மாறாது. அன்றைக்கே எல்லாவற்றையும் அதற்கு மாற்றினேன். ஏற்கெனவே வாங்கியிருந்த பதினோரு பேருக்கும் புது ரிசீவர் என் செலவில் போயிற்று. அதில் ஆறு பேர் இன்றைக்கும் என்னிடம்தான் வாங்குகிறார்கள். உலகத்தில் எத்தனையோ ஊர் இருக்க, பிரெஞ்சு படிக்கத் தெரிந்த தாத்தா நாலு வீடு தள்ளி இருக்கும் ஊரில் இந்தத் தொழிலை ஆரம்பித்தது என் பாக்கியம் என்றே நினைக்கிறேன்.

உன் நாத்தனார் பையன் ஏற்றுமதி ஆரம்பிக்கலாமா என்று கேட்டதாக எழுதியிருந்தாய். ஆரம்பிக்கட்டும். ஐஇசி என்ற ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண் வாங்குவது பெரிய காரியமில்லை, 500 ரூபாய், வீட்டிலிருந்தே முடிந்துவிடும். இப்போது பான் எண்ணே ஐஇசி எண். ஒவ்வொரு நிதியாண்டும் எல்யூடி என்ற உறுதிமொழிக் கடிதத்தைப் பதிவு செய்துவிட்டால் ஜிஎஸ்டி கட்டாமல் அனுப்பலாம். தபால் துறையின் ஏற்றுமதி மையமான டாக் கர் நிர்யாத் கேந்திரா வழியாக அனுப்பினால் ஏற்றுமதிப் பத்திரத்தை வீட்டிலேயே கம்ப்யூட்டரில் போட்டுவிட்டுப் பார்சலை மட்டும் கொண்டுபோய்க் கொடுக்கலாம். இதெல்லாம் ஒரு வாரத்தில் பழகிவிடும்.

பழக நாளாவது வேறு. ஐரோப்பாவுக்கு அனுப்பும் சர்க்யூட் போர்டில் ஈயம் இருக்கக் கூடாது. பாகங்களைப் பற்றவைக்க நாம் பழகிய ஈய சால்டர் 183 டிகிரியில் உருகத் தொடங்கும், நான் இப்போது எடுக்கும் ஈயமில்லாதது 217-க்குக் குறைந்து இளகாது. சால்டரிங் அயர்னை அவ்வளவு சூடாக்கினால் மெல்லிய செம்புத் தடங்கள் போர்டை விட்டுப் பெயர்ந்து வந்தன. கை பழக எனக்கு ஒரு மழைக்காலம் முழுக்க ஆனது. அப்புறம் பேட்டரி. முதலில் அட்டை மாதிரி மெல்லிய ரிமோட்டைத்தான் விற்றேன், உள்ளே லித்தியம் பட்டன் செல். அந்தச் செல் இருப்பதைக் காட்டி ஒரு கூரியரில் எட்டுப் பார்சல்களை வாங்கி வைத்துக்கொண்டு, மூன்று மாதம் கழித்து நசுங்கிய அட்டைப் பெட்டிகளாகத் திருப்பிக் கொடுத்தார்கள். இப்போது சின்னப் பென்சில் பேட்டரி போடும் ரிமோட், அதையும் பேட்டரி இல்லாமலே அனுப்புகிறேன்.

அவனிடம் இன்னொன்றும் சொல். ஒரே நாட்டை நம்பக் கூடாது. 800 டாலர் வரைக்கும் பார்சலுக்கு இருந்த சுங்க விலக்கை அமெரிக்கா போன ஆகஸ்டில் எடுத்துவிட்டது. ஆகஸ்ட் 25 முதல் நம் தபாலில் அங்கே பார்சல் எடுப்பதையே நிறுத்தினார்கள். என் ஆர்டரில் மூன்றில் ஒரு பங்கு அங்கேதான். எல்லோருக்கும் பணத்தைத் திருப்பி அனுப்பினேன். காத்திருக்கிறோம் என்று நாலு பேர் எழுதினார்கள், அந்த நாலு கடிதங்களை அழிக்காமல் வைத்திருக்கிறேன். அக்டோபர் 15-ல் மறுபடி தொடங்கியது, தீர்வையை இங்கேயே முன்கூட்டிக் கட்டும் முறையில். ரிமோட்டின் விலையோடு அதையும் சேர்த்தால் வாங்குகிறவர் யோசிக்கிறார். அந்த இரண்டு மாதமும் பிரான்சும் ஜெர்மனியும் ஆஸ்திரேலியாவும்தான் கேஸ் சிலிண்டருக்குப் பணம் கொடுத்தன.

ஃபெஞ்சல் புயலில் நனைந்த சரக்கைப் பற்றிக் கேட்டிருந்தாய். 2024 நவம்பர் 30-ம் தேதி இரவு. ஒரே நாளில் 48 சென்டிமீட்டருக்கு மேல் பெய்த மழை, முன்னறையில் முழங்காலுக்குத் தண்ணீர். கீழ் அலமாரியில் இருந்த போர்டுகளைக் கழுவிக் காயவைத்து, சோதித்துப் பார்த்ததில் பாதிக்கு மேல் வேலை செய்தன. ஆனாலும் ஒன்றைக்கூட விற்கவில்லை. கடலோரத்தில் இருந்துகொண்டு உப்பு என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். இன்றைக்கு எரியும் எல்இடி ஆறு மாதத்தில் பச்சைக் களிம்பு பிடித்து நிற்கும், அப்போது அது யாரோ ஒருவருடைய வீட்டில் இருக்கும். இப்போது சரக்கு முழுக்க மாடியில், மூடி இறுகிய டப்பாக்களில், சிலிக்கா ஜெல் பாக்கெட்டோடு.

சிவப்புப் பட்டனுக்கு வருகிறேன். அதை அழுத்தினால் உனக்கு வீடியோ அழைப்பு வரும். வேறு எதையும் திறக்க வேண்டாம், பெயரைத் தேட வேண்டாம். நேற்று மாலை ஐந்தரைக்கு நீ எடுத்தாயே, அது அம்மாவே அழுத்தியது. நான் அடுக்களையில் காபி போட்டுக்கொண்டிருந்தேன். உன் குரல் கேட்டு ஓடி வந்து பார்த்தால், ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டு உன்னோடு பேசிக்கொண்டிருக்கிறார்.

ஒரே ஒரு விஷயம் உன்னிடம் கேட்க வேண்டும். அம்மா காலை ஐந்து மணிக்கே எழுந்துவிடுகிறார். மஸ்கட்டில் அப்போது மூன்றரை. நீ தூக்கத்தில் பதறுவாய் என்று, காலை எட்டுக்கு முன்னால் சிவப்புப் பட்டன் வேலை செய்யாதபடி வைத்திருக்கிறேன். அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். சரி என்று தலையாட்டினார், ஆனால் முகம் கொஞ்சம் வாடியது. ராத்திரி பஸ்ஸில் வரும்போது முழுக்க இதையே யோசித்தேன். விடியற்காலையில் ஏதாவது அவசரம் என்றால்? நீயே சொல். எந்த நேரமும் வரலாம் என்றால், அம்மாவைக் கேட்டுக்கொண்டு இங்கிருந்தே அந்தக் கம்ப்யூட்டரைத் திறந்து மாற்றிவிடுவேன். பாஸ்வேர்டை ஒரு தாளில் எழுதி உன் தம்பியிடம் மட்டும் கொடுத்திருக்கிறேன், வேறு யார் போனில் கேட்டாலும் தர வேண்டாம் என்று அம்மாவிடமும் சொல்லியிருக்கிறேன்.

இரண்டு ஜோடி பென்சில் பேட்டரி டிவி அலமாரியின் இடது டிராயரில் இருக்கிறது. சின்னவளுக்கு என் முத்தம்.

உன்
முத்தியால்பேட்டைக்காரி