ஜாக்கெட்டோடு தண்ணீரையும் சேர்த்து வாங்குங்கள்: காவல்துறைத் தலைமைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு காவல்துறைத் தலைமை இயக்குநர் அவர்களுக்கும், திருநெல்வேலி மாநகரக் காவல் ஆணையர், மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் ஆகியோருக்கும் வணக்கம்.

மத்திய ஆயுதக் காவல் படையொன்றில் பணியாற்றி ஓய்வு பெற்று, இப்போது அம்பாசமுத்திரம் பக்கம் குடியிருக்கும் நான் ஒரே ஒரு கோரிக்கையோடு இதை எழுதுகிறேன். குண்டு துளைக்காத ஜாக்கெட் வாங்குவதற்கான ஒப்பந்தப்புள்ளியில், அதை அணிந்திருப்பவர் குடிதண்ணீரை எங்கே, எப்படிச் சுமப்பார் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். ஜாக்கெட் அரசுக் கொள்முதல், தண்ணீர் பாட்டில் காவலரின் சொந்தப் பாடு என்று இருக்கும்வரை பாட்டில் வேனிலேயே கிடக்கும்.

2024 டிசம்பரில் பாளையங்கோட்டை நீதிமன்ற வாசலில் பட்டப்பகலில் நடந்த கொலைக்குப் பின், நீதிமன்றங்களில் ஆயுதம் ஏந்திய காவலர்களை நிறுத்தும் ஏற்பாடு வலுப்பெற்றது. அப்படிப்பட்ட பணிகளில் இனிமேல் ஜாக்கெட் அணிந்து நிற்பவர்களின் எண்ணிக்கை கூடுமே தவிரக் குறையாது. அக்கினி நட்சத்திர நாள்களில் பாளையங்கோட்டையில் வெயில் 40 டிகிரி செல்சியஸை எட்டுவது நமக்குப் புதிதல்ல. உவரி, கூடங்குளம் கடற்கரைப் பக்கம் வெயில் சற்றுத் தணிந்திருந்தாலும், காற்றின் ஈரப்பதத்தால் வியர்வை உலராமல் உடம்பிலேயே வழிந்துகொண்டிருக்கும். ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோ கலோரி வெப்பம் உடலைவிட்டு நீங்கும். மார்பையும் முதுகையும் மூடிய ஜாக்கெட்டுக்குள் அந்த ஆவியாதல் பெருமளவு தடைப்படுகிறது. அதனால்தான் அமெரிக்க ராணுவத்தின் மருத்துவ வழிகாட்டுதல், ஈரப்பதம் மிகுந்த இடத்தில் காப்புடை அணிந்தவருக்கு, வெப்பம், ஈரப்பதம், வெயில் மூன்றையும் சேர்த்து அளக்கும் குறியீட்டில் சுமார் 3 டிகிரியைக் கூட்டிக்கொள்ளச் சொல்கிறது.

ஜாக்கெட்டே பாரம், அதன்மேல் தண்ணீரும் சுமக்க வேண்டுமா என்று கேட்பார்கள் என்பதை அறிவேன். பாதுகாப்பு ஆராய்ச்சி மேம்பாட்டு நிறுவனமும் டெல்லி ஐஐடியும் சேர்ந்து உருவாக்கி 2024இல் அறிவித்த எடை குறைந்த ஜாக்கெட்டே 8.2 கிலோவில்தான் தொடங்குகிறது. அதன்மேல் 2 லிட்டர் தண்ணீர் இன்னொரு 2 கிலோ. ஆனால் காவலர் சுமக்கும் பொருள்களில் மணிக்கு மணி எடை குறைந்துகொண்டே வருவது தண்ணீர் ஒன்றுதான்.

எங்கே சுமப்பது என்பதில்தான் கவனம் வேண்டும். மார்புப் பக்கம் மேகசின் (தோட்டாக் கூடு) பைகளுக்கு உரியது. அங்கே பாட்டிலையும் மாட்டினால் குப்புறப் படுக்க முடியாது, துப்பாக்கியைத் தோளில் பொருத்தவும் இடைஞ்சல். இடுப்பு பெல்ட்டில் மாட்டுவதானால், துப்பாக்கி பிடிக்கும் கைக்கு எதிர்ப்பக்கத்தில், ஜாக்கெட்டின் கீழ் விளிம்பு இடிக்காதவாறு சற்றுப் பின்தள்ளி மாட்ட வேண்டும். நீண்ட நேரப் பணிக்கு என் தேர்வு, ஜாக்கெட்டின் முதுகுப் பக்கத்தில் குண்டைத் தடுக்க வைத்திருக்கும் கடினத் தகட்டுக்கு வெளியே தட்டையாகப் படியும், உறிஞ்சு குழாய் வைத்த நீர்ப்பைதான். 1989இல் டெக்சாஸின் கடும் வெயிலில் நடந்த சைக்கிள் பந்தயத்துக்காக ஒருவர் குளுக்கோஸ் ஏற்றும் பையைக் காலுறைக்குள் செருகி முதுகில் கட்டிக்கொண்டதிலிருந்து வளர்ந்த பொருள் இது. இதில் இரண்டு கையும் துப்பாக்கியிலேயே இருக்கும். பையிலுள்ள காற்றை உறிஞ்சி வெளியேற்றிவிட்டால், இரவு நடையில் பாதி காலியான பாட்டில் எழுப்பும் சளப்புச் சத்தமும் இராது. வேனில் சாய்ந்து உட்காரும்போது பை நசுங்கும், நிரப்புவதற்கு இன்னொருவர் கை வேண்டும் என்பவை இதன் குறைகள். (தண்ணீரைக் குளிரவைப்பதில் காருகுறிச்சிப் பானைக்கு இணையில்லை, முதுகில் கட்டத்தான் வழியில்லை.)

எக்காரணம் கொண்டும் பையை ஜாக்கெட்டுக்கும் உடம்புக்கும் நடுவே வைக்க அனுமதிக்கக் கூடாது. உடற்சூட்டில் தண்ணீர் வெந்நீராகும் என்பதோடு, தகடு உடலோடு படியாமல் விலகும். ஜாக்கெட்டுக்குள் இருக்கும் அராமிட் என்ற வலிய செயற்கை இழைத் துணி நனைந்தால் குண்டைத் தடுக்கும் திறன் குறையும் என்பதால் அதை நீர்புகா உறைக்குள் வைத்துத் தைக்கிறார்கள். அந்த உறை கிழிந்திருந்து, பையும் கசிந்தால், காவலர் அறியாமலே அவருடைய காப்பு பலவீனப்பட்டுவிடும். இன்னொன்று, பையில் வெறும் தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். உப்புச்சர்க்கரைக் கரைசலையோ சர்பத்தையோ ஊற்றினால் குழாயில் பூஞ்சை பிடிக்கும். அவற்றுக்குத் தனி பாட்டில் இருக்கட்டும். பணி முடிந்ததும் பையைக் கழுவிக் கவிழ்த்து உலர்த்துவதற்குப் படைமுகாமில் ஓர் இடம் ஒதுக்க வேண்டும்.

தண்ணீர் இருந்தும் குடிக்காமல் நிற்பவர்களைப் பற்றித்தான் எனக்குக் கூடுதல் கவலை. அருகில் கழிப்பறை இல்லாத இடத்தில், ஜாக்கெட்டையும் பெல்ட்டையும் கழற்றி ஆயுதத்தை ஒப்படைத்துவிட்டுத்தான் போக வேண்டும் என்னும்போது, பெண் காவலர்கள் காலையிலிருந்தே வாயை நனைக்கத் தயங்குவார்கள். 2021இல் முதல்வரின் பயணப் பாதையில் பெண் காவலர்களை நிறுத்துவதைத் தவிர்க்கும்படி பிறந்த உத்தரவு அவர்களின் சிரமத்தை அரசே ஏற்றுக்கொண்டதற்குச் சான்று. நீதிமன்ற வாசலுக்கும் தேரோட்டப் பாதைக்கும் அது போதாது. ஆகவே பந்தோபஸ்து ஆணையில் ஆயுதங்களின் பட்டியலுக்கு அடுத்தாற்போல, தண்ணீர் நிரப்பும் இடமும் கழிப்பறையும் மாற்றுக் காவலரின் பெயரும் எழுதப்பட வேண்டும்.

அளவுக்கு மீறிக் குடிப்பதும் ஆபத்தே. இரத்தத்தில் உப்புச் சத்து தாழ்ந்து மயக்கம் வரும். மணிக்குச் சுமார் 1.4 லிட்டரைத் தாண்டாமல், 15 முதல் 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு தம்ளர் அளவு என்பது நடைமுறைக்கு ஏற்றது.

கொள்முதலுக்கு முன்பாக, மணிமுத்தாற்றிலுள்ள சிறப்புக் காவல் படை அணிகளில் வரும் கத்திரி வெயிலிலேயே ஒரு சோதனை நடத்துங்கள். சிலருக்கு இடுப்புப் பாட்டிலும் சிலருக்கு முதுகுப் பையும் கொடுத்து, குடித்த தண்ணீரை அளந்து குறித்துக்கொண்டு, பணிக்கு முன்னும் பின்னும் அவர்களை எடை பாருங்கள். 70 கிலோ உள்ளவர் 1.4 கிலோவுக்கு மேல், அதாவது நூற்றுக்கு 2 பங்குக்கு மேல் இழந்திருந்தால் அந்த ஏற்பாடு அவருக்குப் போதவில்லை என்று பொருள். சோதனையில் பெண் காவலர்களும் அவர்களுக்குரிய அளவு ஜாக்கெட்டோடு இருக்க வேண்டும். அதன் முடிவை வைத்து விவரக்குறிப்பை எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற படைவீரர் ஒருவர்,
அம்பாசமுத்திரம் வட்டம்.