கயலுக்கு, அப்பா

அன்புள்ள கயல்,

நலம்தானே? சென்ற ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு வரவேண்டிய உன் போன் வராததும் அம்மா தவித்துப்போய்விட்டாள். பத்து மணிக்கு நீ கூப்பிட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. டொரொண்டோவில் நவம்பர் முதல் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைத்துவிட்டார்கள். ஆகஸ்டில் நீ போனபோது சிங்கப்பூருக்கும் டொரொண்டோவுக்கும் சரியாகப் பன்னிரண்டு மணி நேர வித்தியாசம். அடுப்படிச் சுவரில் மாட்டியிருக்கும் கடிகாரமே போதும், பகலை இரவாக நினைத்துக்கொண்டால் அதுதான் உன் நேரம். அம்மா அதைப் பார்த்து, "இப்போ சாப்பிட்டிருப்பா", "இப்போ தூங்கியிருப்பா" என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். இப்போது வித்தியாசம் பதின்மூன்று.

அங்கே ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது என்று போனில் சொன்னாயே, அப்போது உன் பழைய கேள்வி ஒன்று ஞாபகம் வந்தது. தொடக்கநிலை ஒன்றில் படிக்கும்போது, புளோக்கின் கீழே என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏம்ப்பா இருட்டுலயே ஸ்கூலுக்குப் போறோம்?" என்று கேட்டாய். அன்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். பதில் இதுதான்.

பூமி ஒரு முறை சுற்ற 24 மணி நேரம், அதாவது மணிக்கு 15 பாகை. சிங்கப்பூர், உலக நேரக் கணக்கு தொடங்கும் லண்டன் கிரீன்விச்சுக்குக் கிழக்கே ஏறத்தாழ 104 பாகையில் இருக்கிறது. கணக்குப்படி நமக்கு ஏழு மணி நேரம்தான் கூட வரவேண்டும். 1905இல் அப்படித்தான் வைத்தார்கள். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் தள்ளி, 1941இல் ஏழரை ஆக்கினார்கள். மறு வருடம் ஜப்பான்காரன் வந்ததும் தோக்கியோ நேரம், ஒரேயடியாக ஒன்பது. சண்டை முடிந்து 1945இல் மறுபடி ஏழரை. 1981 கடைசியில் மலேசியா, தீபகற்பத்துக்கும் சபா, சரவாக்குக்கும் ஒரே நேரம் வேண்டுமென்று எட்டுக்கு மாறியது. வியாபாரமும் போக்குவரத்தும் இருப்பதால் நாமும் கூடவே மாறினோம்.

அந்த இரவு கப்பல் பட்டறையில் எனக்கு நைட் ஷிப்ட். டிசம்பர் 31, இரவு பதினொன்றரை. ஃபோர்மன் நாற்காலி மேல் ஏறி, சுவர்க் கடிகாரத்தின் முள்ளை விரலால் தள்ளிப் பன்னிரண்டில் வைத்தார். உடனே எல்லாரும் கை கொடுத்துப் புத்தாண்டு வாழ்த்துச் சொல்லிக்கொண்டோம். சூரியன் கடிகாரத்தைப் பார்த்து வருவதில்லையே. அதனால்தான் இங்கே ஏழு மணி வாக்கில் விடிகிறது, சூரியன் உச்சிக்கு வரவே ஒரு மணி ஆகிறது. நீ இருட்டில் பள்ளிக்கு நடந்ததும் அதனால்தான்.

உன் ஊருக்கும் இதில் பெரிய பங்கு உண்டு, கயல். கனடாவில் ரயில்பாதை போட்ட பொறியாளர் சாண்ட்ஃபோர்ட் ஃப்ளெமிங், 1876இல் அயர்லாந்தில் ஒரு ரயிலைத் தவறவிட்டார். கால அட்டவணையில் காலை, மாலை மாறி அச்சாகியிருந்ததாம். உலகத்துக்கே பொதுவாக ஒரு நேரக் கணக்கு வேண்டும் என்று 1879இல் அவர் கட்டுரை படித்தது டொரொண்டோவில்தான். 1884இல் வாஷிங்டனில் 25 நாடுகள் கூடி கிரீன்விச்சைப் பூஜ்யக் கோடாக்கின. ஆனாலும் அவரவர் வசதிக்கு வளைத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். அவ்வளவு அகலமான சீனா முழுக்க ஒரே நேரம், நேபாளத்துக்கு ஐந்தே முக்கால். நம் தஞ்சாவூர் அத்தைக்கு நம்மைவிட இரண்டரை மணி பின்னால்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எங்களுக்காகச் சனிக்கிழமை இரவு எட்டு மணிக்கே வீட்டுக்கு ஓடி வராதே. அந்த நேரத்தில் நீ வேலை முடிந்து பஸ்ஸில் இருப்பாய், குளிர் வேறு. உன் ஒன்பது மணிக்கே, சாப்பிட்டுவிட்டு நிதானமாகக் கூப்பிடு. தேக்கா சந்தைக்குப் போய்விட்டு நாங்கள் பத்து மணிக்குள் வீட்டில் இருப்போம். நேற்று இன்னொரு சின்னக் கடிகாரம் வாங்கி, பழையதன் பக்கத்திலேயே மாட்டிவிட்டேன். அங்கே கடிகாரத்தை மறுபடி முன்னால் தள்ளும் மார்ச் இரண்டாவது ஞாயிறு வரை அது பழையதைவிட ஒரு மணி பின்னால் ஓடும். அம்மா இப்போது அதைத்தான் பார்க்கிறாள்.

அன்புடன்,
அப்பா