பன்னீர்ப் பந்தலுக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

சித்திரை அறுப்பு முடிந்துவிட்டது. கடைசிக் கூடை போன வெள்ளிக்கிழமை ஆர்.எஸ்.புரம் உழவர் சந்தைக்குப் போய்ச் சேர்ந்தது. கோவை தொண்டாமுத்தூர்ப் பக்கம் இருக்கிற எங்கள் இரண்டு ஏக்கர் பன்னீர் திராட்சைத் தோட்டம், அங்ககச் சான்றோடு, அதாவது ரசாயனம் இல்லாமல் விளைந்தது என்ற சான்றோடு, அறுத்த முதல் வெள்ளாமை இது. ஒவ்வொருவர் வீட்டுத் திண்ணையிலும் உட்கார்ந்து சொல்ல வேண்டியது. அத்தனை வீட்டுக்கும் போய் முடிப்பதற்குள் கொடியை வெட்டிவிடுகிற அடுத்த கவாத்து வந்துவிடும் என்பதால் முதலில் எழுதிவிடுகிறேன். நேரிலும் வருவேன்.

எங்கே ஆரம்பிப்பது? தூரத்தில் இருப்பவர்களிடமிருந்தே ஆரம்பிக்கிறேன். ஜெர்மனியில் மோசல் ஆற்றங்கரையில் ஒரு வயதான தம்பதி, சின்னத் தோட்டம், ரீஸ்லிங் திராட்சை, ரசாயனம் இல்லாத பண்ணையம். படிக்கப் போன இடத்தில் வாரக் கடைசி வேலைக்குச் சேர்ந்தவள், மூன்று அறுப்புக்கு அங்கேயே இருந்துவிட்டேன். மலைச்சரிவு முழுக்கப் பலகைக்கல். பகல் வெயிலை அந்தக் கல் வாங்கி வைத்துக்கொண்டு ராத்திரியில் கொடிக்குக் கொடுக்கும். குளிர்நாட்டில் ரீஸ்லிங் பழுக்க அக்டோபர் ஆகிவிடும் என்பதால் அந்தக் கொஞ்சச் சூடும் அவர்களுக்குப் பெரிய சொத்து. ஏப்ரல் மாதம் மொட்டு வெடித்த பிறகு உறைபனி இறங்கும் என்று தெரிந்தால், ஆற்றோரத் தாழ்ந்த நிலங்களில் வரிசைக்கு வரிசை மெழுகு வாளி கொளுத்தி விடிய விடிய உட்கார்ந்திருப்பார்கள். யாருடைய தோட்டம் என்று யாரும் பார்ப்பதில்லை.

பெரியவர்தான் ஒருநாள், "உங்கள் ஊரில் விளைகிற பன்னீர் எங்கள் சொந்தக்காரி" என்றார். உண்மைதான். பன்னீர் என்று நாம் சொல்கிற மஸ்கட் ஹாம்பர்க்கின் பெற்றோரில் ஒன்று அலெக்சாண்டிரியா மஸ்கட், மற்றது ட்ரோலிங்கர். ஜெர்மனியில் வூர்ட்டம்பெர்க் பக்கம் இன்றும் ட்ரோலிங்கர் பயிர் செய்கிறார்கள். அன்றைக்கு ராத்திரியே அப்பாவுக்குப் போன் போட்டேன். கொடியை வெட்டிவிட்டுப் பாக்கு வைக்கலாம் என்று அவர் முடிவு செய்திருந்த சமயம் அது. கிளம்பும்போது அந்த அம்மா, பழச்சாற்றின் சர்க்கரை அளவு பார்க்கிற தன் கைக்கருவியைத் துணியில் சுற்றிக் கொடுத்தார். அதில் அளவெல்லாம் அவர்கள் ஊர் ஓக்ஸ்லே கணக்கில் இருக்கும். நான் அதை நம் ஊரில் சர்க்கரை அளக்கிற பிரிக்ஸ் கணக்குக்கு மாற்றி எழுதி ஒட்டியிருக்கிறேன். இந்த வருடமும் ஒவ்வொரு குலையையும் அதில் பார்த்துத்தான் அறுத்தோம்.

அங்கே கொடி குளிர்காலம் முழுக்கத் தூங்கி ஒன்றாக விழிக்கும். நம் ஊரில் அது தூங்குவதே இல்லை. கவாத்து செய்தால் நுனி மொட்டு வெடிக்கும், அடி மொட்டு அப்படியே நிற்கும். அதற்கென்று கடையில் கிடைக்கிற மருந்தை அங்கக முறையில் தொடக்கூடாது. பூண்டை அரைத்து, வெட்டிய முனையில் தடவினால் மொட்டு எழும்பும் என்று படித்திருந்தேன். ஆனால் இரண்டு ஏக்கருக்குப் பூண்டு உரிப்பது யார்? எங்கள் வீதிப் பெரியம்மாக்களே, உங்களுக்குத்தான் இந்த வரி. சாளை வாசலில் பாய் விரித்து இரண்டு நாள் உரித்தீர்கள். விரல் எரிய எரிய ஆட்டுக்கல்லில் அரைத்துக் கொடுத்தீர்கள். கூலி என்று பேச்செடுத்ததற்கு, "ஏன் அம்மணி, உங்க ஆத்தா இருந்தா எங்களுக்குக் கூலி குடுப்பாளா?" என்று கேட்டீர்கள். அந்த வருடம் மொட்டு ஏறக்குறைய ஒன்றுபோல எழும்பியது. அதைப் பார்த்துத்தான் அப்பா பாக்குப் பேச்சை விட்டார்.

அதற்கு முந்தைய வருடத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஆசைப்பட்டு மழைக்கால வெள்ளாமையும் எடுக்கப் பார்த்தேன். ஐப்பசி மழை பூத்த கொடியில் இறங்கியது. இலைக்கு மேலே எண்ணெய் பட்டது மாதிரி மஞ்சள் திட்டு, அடியில் வெள்ளைப் பஞ்சு. அடிச்சாம்பல் நோய். ஒன்பது நாளில் ஒரு குலை மிஞ்சவில்லை. கடன் கேட்டுப் போன இடத்தில், மருந்தடிக்காத திராட்சைக்குப் பணம் தர முடியாது என்று அனுப்பிவிட்டார்கள். அன்று சாயங்காலம் வடக்காலத் தோட்டத்து மாமா வந்தார். "வெசனப்படாதே கண்ணு, கொடி சாகலயே" என்று சொல்லிவிட்டு, மறுநாளே தன் வரப்பை ஒட்டிப் பத்தடிக்குக் களைக்கொல்லி அடிப்பதை நிறுத்தினார். அவர் மருந்தின் சாரல் எங்கள் கொடியில் பட்டால் எங்களுக்குச் சான்று கிடைக்காது. அந்தப் பத்தடியிலும் ஆள் விட்டுக் களை எடுத்தார். பொழிக்குக் கிளுவை வேலியும் அவரே நட்டார். மூன்று வருடம், தன் காசில். மாமா, எனக்கு வந்த சான்றில் பாதி உங்களுடையது. என்னால் இதை வேறு எப்படியும் சொல்ல முடியவில்லை.

அடிச்சாம்பல் நோயைத் தடுக்கிற போர்டோ கலவையைக் கலக்கக் கற்றுக்கொடுத்த கம்பம் ஊர் அண்ணனுக்கும் நன்றி. மயில்துத்தம் என்கிற செம்பு உப்பு தனியாக, சுண்ணாம்பு தனியாகக் கரைத்து, துத்தத்தைச் சுண்ணாம்பில் ஊற்ற வேண்டுமே தவிர மாற்றி ஊற்றக்கூடாது. இரும்புக் கத்தியை முக்கி எடுத்தால் செம்பு படியக்கூடாது, படிந்தால் சுண்ணாம்பு இன்னும் வேண்டும். இதெல்லாம் நீங்கள் காட்டியது. மழைக்கு முன்னால் இலையில் இருந்தால்தான் அது காக்கும், நோய் வந்த பிறகு அடித்துப் பயனில்லை. ஒரு கிலோ மயில்துத்தத்தில் கால் கிலோ செம்பு இருக்கிறது. அது மண்ணிலேயே தங்கும், மண்புழுவுக்கு ஆகாது. அதனால் மோசல் பெரியவரைப் போலவே நானும் ஒவ்வொரு தெளிப்பையும் நோட்டில் எழுதுகிறேன். ஐரோப்பாவில் அங்ககப் பண்ணையத்துக்கு எக்டேருக்கு 7 வருடத்தில் 28 கிலோ செம்புதான் அனுமதி. நாங்கள் அதற்கும் வெகுவாகக் கீழேதான் நிற்கிறோம். மழைக்கால வெள்ளாமையை விட்டு, மார்கழிக் கடைசியில் கவாத்து, சித்திரையில் அறுப்பு என்று ஒரே போகமாக மாற்றியதுதான் அதற்குக் காரணம்.

வேளாண் பல்கலைக்கழகத்தில் மண்ணைப் பார்த்துச் சொன்னவர்களுக்கும், நோயைத் தடுக்கிற நுண்ணுயிர்களான டிரைக்கோடெர்மாவும் சூடோமோனாஸும் வாங்கப் போனபோதெல்லாம் பொறுமையாக விளக்கியவர்களுக்கும் நன்றி. சான்றளிப்புத் துறையில் என் பண்ணை நாட்குறிப்பை வரி வரியாகத் திருத்தித் தந்த அக்காவுக்கும் நன்றி. பல்லாண்டுப் பயிருக்கு 36 மாதம் காத்திருக்க வேண்டும் என்று முதல் நாளே நீங்கள் தெளிவாகச் சொன்னது நல்லதாகப் போயிற்று. பஞ்சகவ்யத்தைப் பயிருக்குக் கொண்டு வந்த கொடுமுடி மருத்துவர் நடராசன் அவர்களை நான் பார்த்ததில்லை. நூறு லிட்டர் தண்ணீருக்கு மூன்று லிட்டர் கலக்கும் ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்கிறேன்.

அப்புறம் ஆடிக் காற்று. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஒரு ராத்திரியில் அரை ஏக்கர்ப் பந்தலைச் சாய்த்தது. கல்லுக்கால் இருபது படுத்துவிட்டது, கம்பி அறுந்து கொடியெல்லாம் தரையில். விடியும்போது யாரும் கூப்பிடாமலேயே பதினாலு பேர் கயிறும் கடப்பாரையுமாக வந்து நின்றீர்கள். கொடி முறியாமல் கீழே சவுக்குக் கட்டை கொடுத்துத் தூக்கி, அதன் பிறகுதான் காலை நட்டீர்கள். நேரம் இழுத்தாலும் அப்படித்தான் செய்ய வேண்டும் என்று பந்தல்கார அண்ணன் பிடிவாதமாக நின்றார். மூன்றே மூன்று கொடிதான் போனது. மெழுகு வாளி கொளுத்திய ராத்திரிதான் எனக்கு ஞாபகம் வந்தது.

யானை வந்த இரண்டு ராத்திரியும் தோட்டத்து ஓரம் விழித்திருந்து அதைப் பத்திரமாகக் காட்டுக்குத் திருப்பிய வேட்டைத் தடுப்புக் காவலர் தம்பிகளுக்குத் தனியாக நன்றி.

கவாத்துக்கும் இலை கிள்ளவும் வந்த அக்காமார்களே, பந்தலுக்குக் கீழே வெயில் புள்ளி புள்ளியாக விழ வேண்டும் என்று நான் சொன்னபோது, இவ்வளவு இலையை எடுப்பதா என்று தயங்கினீர்கள். எடுத்தீர்கள். காற்று உள்ளே ஓடியது, சித்திரையில் பெய்த திடீர் மழைக்கும் இலை சீக்கிரம் காய்ந்தது. உங்கள் கை பட்ட குலையில் வெடித்த பழம் மிகக் குறைவு.

ஒயின் போடுகிறீர்களா என்று நிறையப் பேர் கேட்கிறீர்கள். இல்லைங்க, பழமும் சாறும் மட்டும்தான்.

மார்கழிக் கடைசி வாரம் மறுபடியும் கவாத்து. வெட்டுகிற குச்சியை இந்த முறை எரிக்கப் போவதில்லை. நாலு கணு உள்ளதாகப் பார்த்துக் கட்டுக் கட்டாக ஈரச் சாக்கில் சுற்றி வைக்கிறேன். வீட்டு வாசலில் ஒரு கொடி ஏற்றிவிட நினைப்பவர்கள் வந்து எடுத்துக்கொள்ளுங்கள். பெரியம்மாக்களுக்கு நானே கொண்டு வந்து நட்டுத் தருகிறேன்.

தோட்டத்திலிருந்து,
அப்பாவும் நானும்