அவளைத் தேடுகிறவர்களுக்கு ஒரு தையல்காரியின் மடல்

திருகோணமலைப் பெயரில் முகநூல் பக்கங்களும் வட்சப் குழுக்களும் நடத்துகிற தம்பிமாருக்கும் தங்கைமாருக்கும், அதில் வருவதை வாசித்து முடிக்கும் முன்பே அடுத்தவருக்கு அனுப்பிவிடுகிற எங்கள் எல்லாருக்கும்,

நான் தையல்காரி. மணிக்கூட்டுக் கோபுரத்திலிருந்து நடந்து வருகிற தூரத்தில் கடை. காணாமல் போன அந்தப் பெண் நாலு வருஷமாக என்னிடம்தான் சட்டை தைத்தாள். அவள் பெயரையோ அவளோடு இருந்தவரின் பெயரையோ இங்கே எழுதமாட்டேன். அவளுடைய கடைசிச் சட்டை, கரும்பச்சை, இன்னும் என் கடையில் கம்பியில் தொங்குகிறது. கொக்கி வைக்கிற வேலை மட்டும்தான் மிச்சம். கழுத்துப் பட்டியில் குத்திய துண்டுச் சீட்டில் அவள் பெயரும் முற்பணமும் என் கையெழுத்தில் இருக்கிறது.

அந்தச் சட்டைக்கு அளவு கொடுக்க வந்த அன்று நான் நாடாவை எடுத்துக்கொண்டு கிட்டப் போனேன். இடுப்புக்கு விட்டாள், தோளுக்கு விட்டாள். கைக்குப் போகும்போது ஒரு அடி பின்னுக்குப் போய், "அக்கா, கையளவு வேணாம், பழைய சட்டையில பாத்துத் தையுங்கோ" என்றாள். முப்பது வருஷமாகத் தைக்கிறவளுக்கு அது விளங்காமல் இருக்குமா? விளங்கியது. கேட்கவில்லை. கடையில் இன்னும் இரண்டு பேர் நின்றார்கள், பிறகு கேட்கலாம் என்று விட்டேன்.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம், உங்களைக் குறை சொல்ல வருகிறவள் தானே குறையில்லாதவள் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. அவள் உயிரோடு எங்கள் கண் முன்னால் நடமாடினபோது நாங்கள் ஒருவரும் வாய் திறக்கவில்லை. காணாமல் போய் ஐந்து கிழமையாகிறது, இப்போது ஊர் முழுக்கப் பேசுகிறது.

என்னவெல்லாம் பேசுகிறார்கள்? கொன்று சாம்பல்தீவுப் பக்கம் தண்ணீரில் போட்டுவிட்டான் என்று ஒருவர், இல்லை நிலாவெளிப் பக்கம் மணலுக்குள் என்று இன்னொருவர், அவள் வேறொருத்தனோடு குவைத்துக்குப் போய்விட்டாள், பாவம் அந்த மனுசன் என்று மூன்றாமவர். மூன்று பேரும் "நம்பத்தகுந்த வட்டாரம்" என்றுதான் தொடங்குகிறார்கள். மூன்று பதிவையும் ஒரே ஆள் பகிர்ந்திருந்ததை நானே பார்த்தேன். ஒரு பெண்ணைக் காலையில் சாகடித்துப் பின்னேரம் ஓடுகாலியாக்குவதற்கு எப்படி மனம் வருகிறது என்று எனக்கு உண்மையிலேயே விளங்கவில்லை.

அப்புறம் அந்தச் சனிக்கிழமை. யாரோ குரல் பதிவு ஒன்று போட, இருபது மோட்டார் சைக்கிள் தண்ணீர்க்கரைக்குப் போனதே, அதையும் பார்த்தேன், லைவ் ஓடியது. இருட்டில் போன் வெளிச்சம், செருப்புக் கால்கள் சேற்றுக்குள் இறங்குகின்றன, ஒரு பிள்ளை தடியால் ஒரு சாக்கைக் கிளறுகிறான், பின்னால் நிற்கிறவர்கள் "எடு எடு, கிட்டக் காட்டு" என்கிறார்கள். சாக்குக்குள் செத்த ஆடு. எல்லாரும் திரும்பி வந்துவிட்டார்கள். அந்தக் கரையில் தேட வேண்டிய ஏதாவது உண்மையில் இருந்திருந்தால், ஒரு செருப்போ, வண்டில் தடமோ, அது அந்த நாற்பது காலுக்குக் கீழே போயிருக்கும் என்பதை ஒருவரும் யோசிக்கவில்லை. பொலிஸ் கட்டும் மஞ்சள் நாடா வேடிக்கை பார்ப்பவர்களைத் தள்ளி வைக்க மட்டும் இல்லை, மண்ணை மண்ணாகவே வைத்திருக்கத்தான்.

அவளோடு இருந்தவருடைய படத்தைப் போட்டீர்கள். முகம் தெளிவாக, பெரிதாக, மேலே சிவப்பில் "கொலைகாரன்" என்று எழுதி. இதால் யாருக்கு நன்மை என்று ஒரு சட்டத்தரணியிடம் கேட்டுப் பாருங்கள். நான் கேட்டேன். அந்த இரவு ஒரு ஆட்டோக்காரரோ ஒரு கடைக்காரரோ ஒரு ஆளைப் பார்த்திருக்கலாம் அல்லவா? அவரைக் கூப்பிட்டு நீதவான் முன்னால் அடையாள அணிவகுப்பு வைத்து, வரிசையில் நிற்பவர்களில் யார் என்று கேட்பார்கள். ஆளைத் தொட்டுக் காட்டியதும் எதிர்த்தரப்பு ஒரே கேள்விதான் கேட்கும்: "இவருடைய படத்தை முகநூலில் பார்த்தீர்களா?" பார்த்திருப்பார், ஊரே பார்த்ததுதானே. அத்தோடு அந்தச் சாட்சியின் பெறுமதி பாதியாகிவிடும். அவர்தான் செய்தார் என்று உறுதியாக நம்புகிறவர்கள்தான் அவர் தப்பிப் போக வழி வெட்டிக் கொடுக்கிறீர்கள். அவர் செய்யவில்லை என்றால் ஒரு மனுசனுடைய முகத்தை இந்த ஊரில் என்றைக்கும் அழிக்க முடியாதபடி எழுதி வைத்துவிட்டீர்கள்.

"பொலிஸில் ஒத்துக்கொண்டான்" என்று இன்னொன்று. அடிக்கடி வருகிறது. பொலிஸ் உத்தியோகத்தரிடம் சொன்ன குற்ற ஒப்புதலை எங்கள் சாட்சியச் சட்டத்தின் 25-ஆம் பிரிவின்படி சந்தேகநபருக்கு எதிராக நீதிமன்றத்தில் நிரூபிக்க முடியாது. அவர் சொன்னதை வைத்து ஒரு பொருளையோ இடத்தையோ கண்டுபிடித்தால் அந்த அளவுக்கு மட்டும் எடுத்துக்கொள்வார்கள். சட்டம் இப்படி இருப்பதற்குக் காரணம், அறைக்குள் ஒருவனை எதையும் சொல்ல வைக்கலாம் என்பது எல்லாருக்கும் தெரியும். தமிழர்களாகிய எங்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டுமா?

கொட்டதெனியாவவை ஞாபகம் இருக்கிறதா? 2015 செப்டம்பர். ஒரு சின்னப் பிள்ளை, இரவு வீட்டிலிருந்து தூக்கிப்போய்க் கொன்றுவிட்டார்கள். நாடே கொதித்தது, நானும் அழுதேன். முதலில் ஒரு பதினேழு வயதுப் பாடசாலை மாணவனைப் பிடித்தார்கள், பிறகு விட்டார்கள். அடுத்து ஒருவரைப் பிடித்தார்கள், அவர் தானே செய்ததாகச் சொன்னார் என்று செய்தி வந்தது. எங்கே பார்த்தாலும் அவருடைய முகம், தூக்கில் போடு, சனத்திடம் விடு என்று ஒரே கூச்சல். மரபணுச் சோதனை வந்தது, அவருக்குப் பொருந்தவில்லை. பொருந்தியது அவருடைய சொந்தச் சகோதரனுக்கு. 2016 மார்ச்சில் நீதிமன்றம் மரண தண்டனை விதித்ததும் அந்தச் சகோதரனுக்குத்தான். சனத்திடம் விட்டிருந்தால் தவறான ஆள் செத்திருப்பார், செய்தவன் ஊருக்குள் நின்று வேடிக்கை பார்த்திருப்பான்.

அதற்கும் முந்தி ஒன்று. எங்கள் அப்பா கிரிக்கெட் பைத்தியம். 1947-இல் சென்னை சேப்பாக்கத்தில் 215 ஓட்டம் எடுத்த சதாசிவத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் சோறு ஆறிவிடும். அதே சதாசிவத்தின் மனைவி 1951 ஒக்டோபரில் பம்பலப்பிட்டி வீட்டில் கொல்லப்பட்டு, இவரைப் பிடித்து, ஒன்றரை வருஷத்துக்கு மேல் உள்ளே இருந்து, 1953-இல் ஜூரர்கள் குற்றவாளி இல்லை என்று விட்டார்கள். அந்தப் பெண் எத்தனை மணிக்கு இறந்தார் என்பதே வழக்கில் பெரிய வாதம், பேராசிரியர்கள் மோதிக்கொண்டார்கள். அப்பாவும் அவருடைய கூட்டாளிமாரும் கடைசிவரை இரண்டு கட்சியாக நின்று சண்டை பிடித்தார்கள், ஒருவரும் அந்த வீட்டுப் பக்கமே போனதில்லை. அவ்வளவு பேச்சிலும் செத்துப்போன பெண்ணைப் பற்றி அப்பா ஒரு வசனம் சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை. இப்போதுதான் அது எனக்கு உறைக்கிறது.

எங்கள் ஊரிலேயே படம் எடுத்தவர் ஒருவர் இருந்தார். 2006 ஜனவரி 2, கடற்கரையில் காந்தி சிலையடியில் ஐந்து மாணவர்கள். அவர்கள் கொண்டுபோன கைக்குண்டு வெடித்துத்தான் செத்தார்கள் என்று முதலில் சொல்லப்பட்டது. ஆஸ்பத்திரியில் பத்திரிகையாளர் சுகிர்தராஜன் எடுத்த படங்கள் தலையில் இருந்த சூட்டுக் காயத்தைக் காட்டின. அந்த மாதம் 24-ஆம் திகதி அவரைச் சுட்டுக் கொன்றார்கள். மாணவர்களின் கொலையில் குற்றஞ்சாட்டப்பட்ட பதின்மூன்று பேரும் 2019-இல் போதிய சாட்சியம் இல்லை என்று விடுவிக்கப்பட்டார்கள். சாட்சி இல்லாமல் போனால் ஒரு வழக்குக்கு என்ன ஆகும் என்று இந்த ஊருக்கு வேறு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு படம் உண்மையைச் சொல்வதற்காக உயிர் கொடுத்த மனுசனுடைய ஊரில், கையில் போன் இருக்கிறது என்பதற்காக எதையும் எடுத்துப் போடுவதா?

இன்னுமொன்று, இதைச் சொல்லப் பயமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் சொல்கிறேன். சிலர் அவளோடு இருந்தவருடைய ஊரையும் ஆக்களையும் எழுதி, "அந்தப் பக்கத்து ஆக்கள் எல்லாரும் இப்படித்தான்" என்று போடுகிறார்கள். மூன்று இனமும் ஒரே சந்தையில் மீன் வாங்குகிற ஊர் இது. இப்படியான ஒரு வரி இங்கே எவ்வளவு தூரம் எரியும் என்று நாற்பது வயது தாண்டிய யாரிடமும் கேளுங்கள். கை ஓங்குகிற ஆம்பிளை எல்லாப் பக்கத்திலும் இருக்கிறான், எங்கள் ஒழுங்கையிலும் இருக்கிறான்.

தாலி கட்டாமல் இருந்தவள்தானே என்று எழுதிய பெண்களுக்குத் தனியாகச் சொல்கிறேன். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் தாலியைப் பார்ப்பதில்லை. சேர்ந்து வாழ்கிறவரால் அடிபட்டாலும் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம், இடைக்காலக் கட்டளை பதினாலு நாளைக்குக் கிடைக்கும், அவளுக்காகப் பொலிஸ் உத்தியோகத்தரும் விண்ணப்பிக்கலாம். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. அவள் நாடாவைத் தொடவிடாத அன்றைக்கு இதை நான் அவளுக்குச் சொல்லியிருக்கலாம். இப்போது இதை வாசிக்கிறவர்களில் யாராவது கையளவு எடுக்க விடாத பெண்ணாக இருந்தால், அந்த இலக்கத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கோ, அல்லது என் கடைக்கு வாங்கோ, இந்த முறை கேட்பேன்.

எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை என்று நினைக்காதீர்கள். இருக்கிறது. இங்கே எழுதமாட்டேன், எழுதிக் கொடுக்க வேண்டிய இடத்தில் கொடுத்துவிட்டேன். பொலிஸில் இரண்டு மணித்தியாலம் வாங்கில் இருந்தேன். முதலில் எழுதியது எனக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் இருந்தது, கையெழுத்து வைக்கமாட்டேன் என்றேன், பிறகு தமிழ் எழுதத் தெரிந்தவர் வந்து தமிழில் எழுதி வாசித்துக் காட்டினார். நாள், நேரம், அவள் சொன்ன அந்த ஒரு வசனம், நான் கண்ணால் கண்டது மட்டும். ஒன்றரைப் பக்கம். அதைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தபோது வாசலில் மான்கள் வாழைப்பழத் தோல் தின்றுகொண்டு நின்றன, நான் அப்படியே மதிலைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். கஷ்டமான வேலைதான். ஆனால் பத்தாயிரம் பேர் பார்த்த பதிவுகளைவிட அந்த ஒன்றரைப் பக்கம் அவளுக்குக் கிட்ட நிற்கிறது.

உங்களில் சிலருக்கு உண்மையாகவே ஏதோ தெரியும். பக்கத்து வீட்டில் சத்தம் கேட்டதாக ஒருவர் கருத்துப் பகுதியில் எழுதியிருந்தார், எந்த இரவு என்றும் எழுதியிருந்தார். அண்ணா, நீங்கள் யாரோ எனக்குத் தெரியாது, தயவுசெய்து அந்தக் கருத்தை ஒரு படம் பிடித்து வைத்துக்கொண்டு, அங்கே மேலும் எழுதாமல், போய் வாக்குமூலம் கொடுங்கள். நாலு பேருடைய கதையை வாசிக்க வாசிக்க உங்களுடைய ஞாபகமே மாறிவிடும், கேட்டது எது வாசித்தது எது என்று உங்களுக்கே தெரியாமல் போகும். பயமென்றால் ஒரு சட்டத்தரணியோடு போங்கள், மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு எங்கள் ஊரிலேயே அலுவலகம் இருக்கிறது, அங்கே போய்க் கேளுங்கள். சாட்சிகளைப் பாதுகாக்க 2015-இல் வந்த சட்டத்தை 2023-இல் புதுப்பித்தும் இருக்கிறார்கள்.

பக்கம் நடத்துகிறவர்களே, இணையத்தில் போடுகிறவற்றுக்கென்று 2024-இல் வந்த நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தைச் சொல்லி உங்களைப் பயமுறுத்த நான் வரவில்லை. அந்தச் சட்டத்தில் எனக்கே நிறையக் கோபம் இருக்கிறது. வழக்கைப் பற்றி எழுதவே வேண்டாம் என்றும் சொல்லவில்லை, எழுதாமல் விட்டால் இந்த நாட்டில் வழக்கு தூங்கிவிடும். தவணை என்றைக்கு, விளக்கமறியல் எத்தனையாம் திகதி வரைக்கும், நீதவான் என்ன சொன்னார், தேடுதல் ஏன் நின்றது, தொலைபேசிப் பதிவுகளை எடுத்தார்களா, இதைக் கேளுங்கள், ஒவ்வொரு தவணையும் கேளுங்கள். போன தவணைக்கு நான் கடையைப் பூட்டிவிட்டுப் போனேன். உள்ளே அவள் பக்கத்து ஆட்கள் என்று அவளுடைய அம்மாவும் நானும் இன்னொரு மாமியும்தான் இருந்தோம். அவ்வளவு எழுதினவர்களில் ஒருவர்கூட வரவில்லை.

போன திங்கள் அவளுடைய அம்மா கடைக்கு வந்தார், மிச்சக் காசைக் கொடுத்துவிட்டுச் சட்டையை வாங்கிப் போக. காசு வேண்டாம், சட்டை இங்கேயே இருக்கட்டும் அம்மா என்றேன். கூட வந்த பேத்திக்கு ஏழு வயது. வெட்டுத் துணிகளைப் பொறுக்கி நிறம் நிறமாக அடுக்கிக்கொண்டிருந்தவள், தலையை நிமிர்த்தாமலே, "ஆன்ரி, அம்மாவை எந்தத் தண்ணிக்குள்ள போட்டவங்கள்?" என்றாள். பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை போனில் காட்டியதாம், அம்மாவும் தானும் கோயில் திருவிழாவில் நிற்கிற படம், அதற்குமேல் எழுத்து. எழுத்துக்கூட்டி வாசித்திருக்கிறாள்.

அந்தப் படம் உங்களுடைய மூன்று பக்கங்களில் நேற்று இரவுவரைக்கும் இருந்தது, பிள்ளையின் முகத்தைக்கூட மறைக்கவில்லை. வேறொன்றும் செய்யாவிட்டாலும் பரவாயில்லை, அதை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். அவளுக்கு நாளைக்குப் பள்ளிக்கூடம்.