வதிவிட வீசா எடுக்கப்போகும் என் மச்சாளுக்கு

அன்பு மச்சாள்,

நீங்கள் திருகோணமலைக்கு வந்து சேருமுன் இதைச் சொல்லிவிட வேண்டும். உங்கள் மாப்பிள்ளையான என் தம்பி நல்லவன். என்றாலும் உங்கள் பாஸ்போர்ட்டும் வீசா ஃபைலும் உங்கள் கையில்தான் இருக்க வேண்டும். அவனிடமோ, அம்மாவின் அலுமாரியிலோ, என்னிடமோ கொடுத்து வைக்காதீர்கள். தமிழ்நாட்டிலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வருகிற மற்றப் பிள்ளைகளும் வாசிக்கட்டும் என்றுதான், உங்கள் பெயரைப் போடாமல் எல்லாருக்கும் தெரிய எழுதுகிறேன்.

இலங்கைப் பிரஜையின் மனைவி என்று கிடைக்கிற வதிவிட வீசாவுக்குப் புருஷனின் கையெழுத்து வேண்டும். எடுக்கும்போதும் வேண்டும், புதுப்பிக்கும்போதும் வேண்டும். எங்களுக்குத் தெரிந்த ஒரு பிள்ளையின் கணவன் கட்டாருக்கு வேலைக்குப் போய்விட்டான். அவளுடைய பாஸ்போர்ட் மாமியாரின் பெட்டிக்குள் பூட்டிக் கிடந்தது. பத்திரமாக இருக்கட்டும் என்றுதான் வைத்தார்கள், கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. வீசா முடிகிற திகதி வந்து போனது ஒருவருக்கும் தெரியவில்லை. கடைசியில் அதிகாரி முன்னால் நின்று அழுதது அவள்தான். எங்கள் வீட்டில் அப்படி நடக்கக் கூடாது.

முதலில் உங்கள் பக்கத்து வேலை. கோயிலில் தாலி கட்டினால் மட்டும் போதாது. தமிழ்நாட்டின் 2009ஆம் ஆண்டுத் திருமணப் பதிவுச் சட்டப்படி 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். அந்தச் சான்றிதழுக்கு இந்திய வெளியுறவு அமைச்சின் அத்தாட்சியை எடுத்து, சென்னையில் இருக்கிற இலங்கைத் துணை உயர்ஸ்தானிகர் அலுவலகத்திலும் முத்திரை வாங்கிக்கொண்டு கப்பலோ விமானமோ ஏறுங்கள். போலீஸ் சான்றையும் அங்கிருக்கும்போதே எடுத்துவிடுங்கள். இங்கே வந்த பிறகு ஒரு முத்திரைக்காகத் திரும்பி ஓடுவதென்றால் பெரிய கரைச்சல்.

பெயர் விஷயம் எனக்குப் பெரிய கவலை. உங்கள் பாஸ்போர்ட்டில் அப்பாவின் பெயர் முழுதாக இருக்கிறது, கல்யாணப் பத்திரிகையில் முதலெழுத்து மட்டும்தான் இருந்தது. திருமணச் சான்றிதழில் எப்படி எழுதப் போகிறார்கள் என்று பக்கத்தில் நின்று பாருங்கள். தம்பியின் பிறப்புச் சான்றிதழை ஆங்கிலத்துக்கு மாற்றியபோது பெயரில் ஒரு 'எச்' கூடிவிட்டது. பாஸ்போர்ட்டில் அது இல்லை. அந்த ஓர் எழுத்துக்காக, இரண்டு பெயரும் ஒரே ஆளுடையது என்று சத்தியக் கடதாசி முடிக்கச் சொல்லியிருக்கிறேன். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, ஓர் இடைவெளிகூட மாறாமல், எல்லாக் கடதாசியிலும் இருக்கட்டும்.

இங்கே உள்ள வேலை அவ்வளவு கஷ்டமில்லை. வதிவிடச் சான்றை ஜி.எஸ்., அதாவது கிராம சேவகர், தருவார். 'பட்டினமும் சூழலும்' என்று பெயருள்ள எங்கள் பிரதேச செயலகத்தில் மேலொப்பம் வைப்பார்கள். இரண்டும் ஊருக்குள்ளேயே முடிந்துவிடும். வீசாவுக்குத்தான் பத்தரமுல்லைக்கு, குடிவரவு குடியகல்வுத் திணைக்களம் இருக்கிற சுஹுருபாயவுக்குப் போக வேண்டும். இரவு ரயிலில் கோட்டைக்குப் போய், அங்கிருந்து பஸ் எடுக்கலாம். சுற்றுலா வீசாவில் வந்தால் 30 நாள் ஓடுவதே தெரியாது. கோணேசர் கோயிலும் நிலாவெளியும் எங்கேயும் போகாது, முதல் வாரமே விண்ணப்பத்தைக் கையில் எடுங்கள். தம்பியோடு நீங்களும் போங்கள். கேட்கிற கேள்விக்கு நீங்களே பதில் சொல்லுங்கள், தமிழிலேயே சொல்லுங்கள். 1987இன் பதின்மூன்றாம் திருத்தத்தோடு தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி. தயங்கத் தேவையில்லை.

பிரஜாவுரிமையையும் எடுத்துவிடு என்று சொந்தக்காரர் அவசரப்படுத்துவார்கள். அவசரப்படாதீர்கள். இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. இலங்கைக் குடியுரிமை எடுத்த அன்றே இந்தியக் குடியுரிமை போய்விடும். உங்கள் அம்மா அப்பா அங்கே இருக்கிறார்கள். அந்த முடிவு உங்களுடையது, எங்களுடையது இல்லை.

இன்னொன்று. தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குப் போவது உங்கள் பக்கத்து வழக்கம், நாங்கள் தடுக்க மாட்டோம். ஆனால் பிள்ளை அங்கே பிறந்தால், தம்பி இலங்கைப் பிரஜை என்பதால் மட்டும் எல்லாம் தானாக நடந்துவிடாது. பிறப்பை ஒரு வருஷத்துக்குள் சென்னை அலுவலகத்தில் இலங்கைக் குடியுரிமைக்காகப் பதிய வேண்டும். முன்பெல்லாம் இந்த உரிமை தகப்பன் வழிதான் போனது. 2003இல் சட்டத்தைத் திருத்திய பிறகுதான் தாய் வழியாகவும் கிடைக்கிறது, என்னைப் போன்ற பெண்களுக்கு அது பெரிய விஷயம். உங்கள் பிள்ளைக்குத் தகப்பன் வழியே போதும், பதிவு மட்டும் பிந்தக் கூடாது.

மூலப் பிரதிகளைப் பெட்டிக்குள் போடாமல் கைப்பையில் கொண்டு வாருங்கள். ஃபோட்டோ பிரதி இங்கேயே எடுத்துக்கொள்ளலாம். வீசா கிடைத்ததும் முடிகிற திகதியை உங்கள் ஃபோனிலும் என் ஃபோனிலும் போட்டு வைப்போம். மூன்று மாதம் முன்னதாகவே மணி அடிக்கட்டும்.

அன்புடன்,
உங்கள் மச்சாள்
திருகோணமலை