பினாங்கு மாநிலத்தின் பிறை, பட்டர்வொர்த் லோரி முதலாளிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய முதலாளிமார்களே, வணக்கம்.

பிறைப் பட்டறையில் உங்கள் வண்டிகளைப் பிரித்து மாட்டுகிறவன் எழுதுகிறேன். டிரெய்லரை இழுக்கும் புது பிரைம் மூவர் வாங்கும்போது விலையையும் குதிரைசக்தியையும் அலசுகிறீர்கள், சரி. இறக்கத்தில் அந்த வண்டியை எது பிடித்து நிறுத்தும் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

பட்டர்வொர்த் துறைமுகத்திலிருந்து பக்கத்திலுள்ள பத்து காவான் தொழிற்சாலைகளுக்குப் போய்வரும் வண்டிக்கு 13 லிட்டர் பெரிய எஞ்சின் வீண் செலவுதான். சமதரையில் 40 டன்னை மணிக்கு 80 கிலோமீட்டரில் இழுக்க ஏறக்குறைய 125 குதிரைசக்தி போதும். ஒரு டன்னைத் தாண்டும் எஞ்சினை எதற்குச் சும்மா சுமக்க வேண்டும்?

கிள்ளான் துறைமுகம் போகிற வண்டியின் கதை வேறு. கோலகங்சாரைத் தாண்டினால் மெனோரா சுரங்கப்பாதை உள்ள மலை. நூறு மீட்டருக்கு ஐந்து மீட்டர் உயரும் ஏற்றத்தில், அதே 40 டன் மணிக்கு 50-இல் ஏறவே 400 குதிரைசக்திக்கு மேல் வேண்டும். சின்ன எஞ்சின் திணறும். நேரம் போகும், அவ்வளவுதான். இறங்கும்போதுதான் வினை. அதே சரிவும் அதே வேகமும் என்றால், வண்டியின் எடையே 300 குதிரைசக்திக்கு மேல் பின்னாலிருந்து தள்ளும். புகை வெளியேறும் வழியை அடைத்து வேகத்தைக் குறைக்கும் சாதாரண எக்ஸாஸ்ட் பிரேக், சின்ன எஞ்சினில் அதில் பாதியைத் தாங்கினாலே பெரிது. மீதியெல்லாம் சக்கரத்தின் பிரேக் டிரம்மில் விழுகிறது. கழற்றினால் உள்பக்கம் நீலம் பாய்ந்திருக்கும், குறுக்கே மயிரிழை வெடிப்புகள் ஓடியிருக்கும். டிரம்மில் உராயும் லைனிங் கருகி, பளபளவென்று இறுகிப்போயிருக்கும். அதைத்தான் ‘பிரேக் பிடிக்கல’ என்று டிரைவர் தலையில் கட்டுகிறோம். அந்த இறக்கத்தின் அடியில், ஈப்போ பக்கம் இருந்த பழைய ஜெலாப்பாங் டோல் சாவடியில் லோரிகள் மோதிய காலத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

வால்வைத் திறந்து வேகத்தைப் பிடிக்கும் கம்ப்ரெஷன் பிரேக் உள்ள 13 லிட்டர் எஞ்சின், சரியான கியரில் இறங்கினால், அந்தத் தள்ளலைத் தானே தாங்கிக்கொள்ளும். சக்கர பிரேக்கைத் தொடாமல் வேகத்தைக் குறைக்கும் ரிட்டார்டரும் இருந்தால் டிரம் சூடேறாமலே ஈப்போ வந்துவிடும்.

டீசல் கணக்கைச் சொல்வீர்கள். 2024 ஜூன் 10 அன்று லிட்டர் 2.15-இலிருந்து 3.35 வெள்ளிக்கு (ரிங்கிட்) ஏறியதிலிருந்து எல்லோருக்கும் அந்தக் கவலைதான். கோலாலம்பூர்வரை சுமார் 350 கிலோமீட்டர். லிட்டருக்கு இரண்டரை கிலோமீட்டர் என்றால் 140 லிட்டர். அன்றைய விலையில் அரசின் மானிய டீசல் கார்டு இருந்தால் 301 வெள்ளி, இல்லாவிட்டால் 469. ஆனால் 40 டன்னை மலைமேல் ஏற்றும் உழைப்பு எந்த எஞ்சினுக்கும் ஒன்றுதானே? சின்ன எஞ்சின் அங்கே மிச்சம் பிடிப்பது சொற்பம். பெரிய எஞ்சினின் எடையால் சரக்கில் சில நூறு கிலோ குறையும் என்பது உண்மை. சின்ன எஞ்சின் வண்டி டிரம் மாற்றப் பட்டறையில் கிடக்கும் நாட்களையும் கணக்கில் சேர்த்துக் கூட்டுங்கள்.

அடுத்த வண்டிக்குக் கடன் பாரத்தில் கையெழுத்துப் போடுமுன், ‘எஞ்சின் பிரேக் எத்தனை கிலோவாட், எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றும்போது?’ என்று விற்பனையாளரைக் கேளுங்கள். விழித்தால் அடுத்த கடைக்குப் போங்கள்.

இப்படிக்கு,
பிறைப் பட்டறைக்காரன்